தாளில் தீர்ந்த கடல்

சீடர் குருவைவிட இருபது வயது மூத்தவர். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரியநாயகம் துறைமுக அலுவலகத்தில் அறிக்கை எழுதி எழுதித் தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, மீனவர்களுக்குக் காற்றும் அலையும் கணித்துச் சொல்லும் குழல்வாய்மொழியின் கணிப்புக்கூடத்துக்கு வந்து வாசலில் நின்றார். கடற்கரையை ஒட்டி இரண்டு அறைகள், சில கணினிகள், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. கூடம் என்பது அவ்வளவுதான்.

"எனக்கும் சொல்லிக்கொடுங்க டீச்சர்" என்றார்.

"என்ன கத்துக்கணும், அண்ணாச்சி?"

"தெரியாத விஷயத்தை எண்ணாக்குறது எப்படின்னு."

"எண்ணாக்கிட்டா தெரிஞ்சிருமா?"

அரியநாயகம் யோசித்தார். "தெரியாது. எவ்வளவு தெரியாதுன்னு தெரியும்."

குரு ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

முதல் பாடம் பஸ்ஸைப் பற்றியது. டவுன் பஸ் எப்போது வரும் என்று ஒரு வரி அறிக்கை எழுதச் சொன்னார் குரு. "எட்டு மணி" என்று எழுதினார் சீடர். குரு அவரை நிறுத்தத்துக்கு அனுப்பினார். ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு வந்து, "பெரும்பாலும் ஏழு ஐம்பதிலிருந்து எட்டேகாலுக்குள், சில நாள் வருவதில்லை" என்று திருத்தி எழுதினார்.

"இது நீளமா இருக்கே டீச்சர்."

"பஸ்ஸும் அப்படித்தானே வருது."

எள் என்றால் எண்ணெயாக நிற்கும் சீடர் அவர். ஒரு வருடத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அதிலும் ஒன்றில் குருவையே மிஞ்சினார். கணினி கணக்குப் போட்டு முடித்ததும் எண்களைத் தானே எடுத்து, அளவாகச் சுருக்கி, வாக்கியத்துக்குள் வைத்து, கட்டம் கட்டி, தாளாக அச்சடித்துத் தரும் நிரல் அவருடையது. பழைய அலுவலகத்தில் அவர் கையால் செய்த வேலையை அது கண்மூடித் திறப்பதற்குள் செய்தது. அவருக்கு அதில் பெருமை உண்டு. இருக்கத்தானே செய்யும்.

ஒரு நாள் கேட்டார். "நல்ல அறிக்கைக்கு அடையாளம் என்ன டீச்சர்?"

"அதைப் படிச்சவங்க என்ன செஞ்சாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் குரு.

அந்த ஆடியில் ஒரு வள்ளம் காணாமல் போனது.

நான்கு பேர் மீன்பிடிக்கப் போன வள்ளம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டதாக வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்தது. பிறகு குரலும் இல்லை. விசைப்படகுச் சங்கத் தலைவர் கூடத்துக்கு ஓடி வந்தார்.

இப்படிப்பட்ட வேளைக்காகவே குரு ஒரு கணக்கு வைத்திருந்தார். கடலைச் சதுரக் கட்டங்களாக வகுப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் வள்ளம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து ஓர் எண் போடுவது. எல்லா எண்களையும் கூட்டினால் ஒன்று வரும். ஒரு கட்டத்தில் தேடிப் பார்த்து ஆள் அகப்படாவிட்டால் அதன் எண் குறையும்; குறைந்த பங்கு மற்றக் கட்டங்களுக்குப் போய்ச் சேரும். எந்தக் கட்டமும் முழுக்கச் சைபர் ஆகாது. தேடுகிற கண்ணும் தவறக்கூடிய கண்தானே.

கணக்கு ஓடி முடிந்தது. அச்சடித்தால் பதினேழு பக்கம்.

"ஐயா, ஒரே தாளாக் கொடுங்க" என்றார் தலைவர். "அலையில நின்னுக்கிட்டுப் புஸ்தகமா படிக்க முடியும்?"

நியாயமான பேச்சு. அரியநாயகம் தம் நிரலில் இரண்டு கட்டளைகள் சேர்த்தார். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போதும். சுருக்கிய பின் சைபர் என்று வரும் வரிகளை விட்டுவிடு.

பதினேழு பக்கம் ஒரு பக்கமானது. அழகான பக்கம். அதன் அடியில் நிரல் தானாகவே ஒரு வாக்கியத்தையும் எழுதியிருந்தது: மற்றக் கட்டங்களில் வாய்ப்பு 0.00.

குரு அப்போது அடுத்த நாளுக்கான காற்றுக் கணக்கில் இருந்தார். தாளை நீட்டியதும், "கணக்கு ஒழுங்கா ஓடுச்சா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஓடிட்டு டீச்சர்."

குரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

விடியலில் மூன்று விசைப்படகுகள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் அந்தத் தாளின் நகல் ஒன்று இருந்தது. அன்று வள்ளம் அகப்படவில்லை.

சாயங்காலம் தேடிய விவரங்களைச் சேர்த்து மறுபடி கணக்கு ஓட்டினார்கள். இரண்டாம் தாள் அச்சாகி வந்தது. சீடர் அதைக் கையில் எடுத்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் கையில் காலையில் போன தாள் இருந்தது, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டபடி.

"தாளு எழுதுன ஐயா யாரு?"

"நான்தாம்மா."

"என் பேரு பிரகாசி. காணாமப் போன வள்ளத்துல எங்க வீட்டுக்காரர் இருக்காவ. ததேயு."

"உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. "தேடுறதுக்கு மூணு போட்டு போச்சு. அதுல ஒண்ணு மத்தியானமே கரைக்கு வந்துட்டு. டீசல் பாதிக்கு மேல கெடக்கு. ஏன் வந்தியன்னு கேட்டேன். தாளுல இருந்த கட்டம் எல்லாம் பாத்தாச்சு, தாளு தீந்துட்டுன்னு சொல்லுதாவ."

சீடர் கையிலிருந்த புதுத் தாளைப் பார்த்தார்.

"தாளு தீந்தா கடலு தீந்துருமா ஐயா?"

"அப்படி இல்லம்மா. அந்தப் பக்கமெல்லாம் சைபர். அதனாலதான் எழுதல."

"சைபர்னா? எங்க வீட்டுக்காரர் அங்க இல்லன்னு அர்த்தமா?"

ஆமாம் என்ற சொல் சீடரின் நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருடமாக அறிக்கை எழுதியவருக்கு ஆமாம், இல்லை இரண்டும் சரளமாக வரும்.

குரு தம் நாற்காலியைத் திருப்பினார். பிரகாசியின் கையிலிருந்த தாளை வாங்கி முதல் தடவையாகப் படித்தார். அடியில் இருந்த வாக்கியத்துக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. கீழே இருந்த தம் கையெழுத்தையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, புதுத் தாள் வந்துட்டா?"

"இப்பத்தான் வந்துது."

"அதுல விட்டுப்போன கட்டங்களை இவங்களுக்கு வாசிங்க."

"விட்டதெல்லாம் சைபர் டீச்சர்."

"தாளுலதான் சைபர். சுருக்குறதுக்கு முன்னால என்ன இருந்துதோ அதை வாசிங்க. ஒண்ணொண்ணா."

சீடர் கணினியின் முன் உட்கார்ந்தார். தாம் சேர்த்த இரண்டு கட்டளைகளையும் நீக்கினார். திரை நிறைய எண்கள் இறங்கின. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தார்.

"தெற்கே ஆறாவது வரிசை, கிழக்கே பதினொண்ணு. ஆயிரத்துல நாலு."

"ம்" என்றாள் பிரகாசி.

கதை கேட்கிறவர்கள் போடும் ம் அது. பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அவளுக்குப் பழக்கமாக இருக்கும். சீடரால் நிறுத்த முடியவில்லை.

"பன்னிரண்டு. ஆயிரத்துல நாலு."

"ம்."

"பதிமூணு. ஆயிரத்துல அஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு."

"ம்."

கட்டங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ம் சொன்னாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அவளுக்கு அது எண் அல்ல, ததேயு இருக்கக்கூடிய ஓர் இடம். பாதி வாசிப்பதற்குள் சீடருக்கும் அப்படியே ஆகிவிட்டது. அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. வெளியே பொழுது சாய்ந்தது.

கடைசி வரி முடிந்தது.

"கூட்டுங்க" என்றார் குரு.

சீடர் விசையைத் தட்டினார். வந்த எண்ணைப் பார்த்தபடி இருந்தார். சிறுதுளி பெருவெள்ளம் என்று துறைமுக அலுவலகச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் அவர் வேலை பார்த்தார்.

"அவங்களுக்குச் சொல்லுங்க."

"பாதிக்கு மேலம்மா."

"பாதின்னா?"

"உங்க வீட்டுக்காரர் இந்தத் தாளுல இருக்குற கட்டங்கள்ல இருக்குறதைவிட, நான் விட்டுட்ட கட்டங்கள்ல இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"காலையில போன தாளுல?" என்று கேட்டார் குரு.

சீடர் அதையும் கூட்டினார். "மூணுல ஒரு பங்குக்கு மேல."

பிரகாசி அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். "மூணு போட்டுல ஒரு போட்டு" என்றாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அரியநாயகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் தாளுக்காகக் காத்திருந்தாள். சீடர் பதினேழு பக்கத்தையும் அச்சடிக்கப் போனார். குரு தடுத்தார்.

"அலையில நின்னு படிக்கணும், அண்ணாச்சி."

"சுருக்குனதாலதானே டீச்சர் இவ்வளவும்?"

"ஒரு தாள்தான் போகணும். எதை விட்டோம்னு அந்தத் தாளே சொல்லணும்."

சீடர் நிரலை மாற்றினார். பெரிய எண் உள்ள கட்டங்கள் மேலே வந்தன. அடியில் இருந்த பழைய வாக்கியத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: இங்கே பெயர் சொல்லாத கட்டங்கள் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் வாய்ப்பு சிறிது. எல்லாம் சேர்ந்தால் பாதிக்கு மேல். அவை பெரும்பாலும் தென்கிழக்கில் உள்ளன. ஒரு படகாவது அங்கே போக வேண்டும்.

குரு அதை விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுப் பிரகாசியிடமே கொடுத்தார். "இதைத் தலைவர் கையில நீங்களே கொண்டு குடுங்க."

மறுநாள் இரண்டு படகுகள் தென்கிழக்கே போயின. மத்தியானம் தாண்டி வயர்லெஸ் பேசியது. வள்ளம் அகப்பட்டது. முதல் தாளில் பெயர் இல்லாத ஒரு கட்டத்தில் அது மிதந்துகொண்டிருந்தது.

மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். ததேயு இல்லை. முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் அவருடைய உயிர் போனது என்று மற்ற மூவரும் சொன்னார்கள். கடைசியாக இருந்த தண்ணீரை அவர்தான் இளையவனுக்குக் கொடுத்தாராம்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. சீடர் கல்லறைத் தோட்டத்தின் வெளிவாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. பங்குச் சாமியார் அவரைக் கண்டு, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார். சங்கத் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தாளாலதான் மூணு பேரு வந்தாவ" என்றார். அது உண்மைதான். அந்த உண்மை அன்று அவருக்குப் பயன்படவில்லை.

பிறகு பல நாள் அவர் கூடத்துக்கு வரவில்லை. குரு ஆள் அனுப்பவும் இல்லை.

ஒரு மாலை வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார்.

"பிரகாசி வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்காங்க டீச்சர்."

"எதுக்கு?"

"என்ன கேக்கப்போறாங்கன்னு தெரியும். அன்னைக்கு மத்தியானம் அந்தப் போட்டு கரைக்கு வராம அந்தப் பக்கம் போயிருந்தா, அவர் பிழைச்சிருப்பாரான்னுதான்."

"ம்."

"வீட்டுல உக்காந்து கணக்குப் போட்டேன். மத்தியானத்துக்கு மேல அந்தப் போட்டு எவ்வளவு தூரம் போயிருக்கும், அத்தனை கட்டத்துல எந்தக் கட்டத்தை முதல்ல எடுத்திருக்கும், எடுத்தாலும் அவங்க கண்ணுல வள்ளம் பட்டிருக்குமா, பட்டாலும் அவர் உடம்பு தாங்கியிருக்குமா. எல்லாத்தையும் போட்டேன்."

"எண் வந்துதா?"

சீடர் திரையைத் திருப்பினார். குரு வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு வரியையும் மேலிருந்து சரிபார்த்தார். அதில் தவறு எதுவும் இருக்கவில்லை.

"சின்ன எண்" என்றார்.

"சின்னதுதான் டீச்சர். ரெண்டு தசமத்துக்குச் சுருக்குனா காணாமப் போயிரும்."

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சீடர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் தனியாப் போயிட்டு வந்திருதேன்" என்றார்.

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "முதல் தாளுல கையெழுத்து என்னோடது. வாங்க, போவோம்."

இருவரும் கடற்கரை வழியாக நடந்தார்கள். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் திரும்பி வந்த அந்த விசைப்படகு கரையில் கட்டிக் கிடந்தது. சீடர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

பிரகாசியின் வீட்டு முனைக்கு வந்ததும் அவர் நின்றார்.

"டீச்சர், இல்லம்மா, எப்படிப் போயிருந்தாலும் அவர் பிழைச்சிருக்க மாட்டார்னு சொல்லிருதேன். ஒரே வார்த்தை. அதோட அவங்க மனசு அடங்கிரும். என் மனசுக்காகக் கேக்கல. நெசமா, அவங்களுக்காகத்தான்."

குரு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தம் கையெழுத்தைப் பார்த்த அன்று இருந்த முகம்தான் இப்போதும்.

"மறுபடியும் சைபரா, அண்ணாச்சி?"

சீடர் தலை குனிந்தார்.

வீட்டுக்குள் பிரகாசி இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அன்று உட்கார்ந்ததுபோலவே சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க ஐயா. அன்னைக்கு மத்தியானம் அந்தப் போட்டு போயிருந்தா எங்க வீட்டுக்காரர் இருந்திருப்பாவளா?"

சீடர் குருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து எந்தத் தாளையும் எடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஆயிரத்துல..." என்றார். குரல் நின்றுவிட்டது.

"ம்" என்றாள் பிரகாசி.